‘ஏறு’ என்றால் ஏற வேண்டும்!

2002 ஜூலை 1, நள்ளிரவுக்குச் சற்று முன். ஜெர்மனியின் தெற்கு எல்லையில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் இருக்கும் ஊபர்லிங்கன் என்ற சிற்றூருக்கு மேலே, 36,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் ஒரே புள்ளியை நோக்கி வந்துகொண்டிருந்தன. ஒன்று, மாஸ்கோவிலிருந்து பார்சிலோனாவுக்குப் போய்க்கொண்டிருந்த பாஷ்கிரியன் ஏர்லைன்ஸின் டுபொலேவ்-154. அதில் இருந்த 69 பேரில் பெரும்பாலோர் விடுமுறைக்குக் கிளம்பிய பள்ளிப் பிள்ளைகள். மற்றது, இத்தாலியின் பெர்கமோவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குச் சென்ற டி.எச்.எல். நிறுவனத்தின் போயிங் 757 சரக்கு விமானம். அதில் விமானிகள் இருவர் மட்டுமே. இரண்டு விமானங்களிலும் மோதல் தவிர்ப்புக் கருவி இருந்தது. இரண்டுமே பழுதில்லாமல் வேலை செய்தன. மோதலுக்கு 50 நொடிகள் இருக்கும்போது ‘டிராஃபிக், டிராஃபிக்’ என்ற எச்சரிக்கைக் குரல் இரண்டு காக்பிட்டுகளிலும் ஒலித்தது. 36 நொடிகள் இருக்கும்போது போயிங்கிடம் ‘இறங்கு’ என்றும், டுபொலேவிடம் ‘ஏறு’ என்றும் கருவிகள் ஆணையிட்டன. போயிங் இறங்கியது. டுபொலேவின் விமானிகளிடமோ, அதற்கு ஏழு நொடி முன்னதாகவே, ஸூரிக்கில் இருந்த தரைக் கட்டுப்பாட்டாளர் ‘இறங்குங்கள்’ என்று சொல்லியிருந்தார். அவர்கள் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். கருவி ஏறச் சொல்கிறதே என்று துணை விமானி காக்பிட்டுக்குள் சுட்டிக்காட்டினார். கட்டுப்பாட்டாளரின் குரல் மீண்டும் இறங்கச் சொன்னது. இரண்டு விமானங்களும் இறங்கிக்கொண்டே போய், ஏறத்தாழ 35,000 அடி உயரத்தில் மோதின. 71 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்த விபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘மனிதனா, இயந்திரமா, யாரை நம்புவது?’ என்ற கேள்வியே முன்னால் வந்து நிற்கிறது. கேள்வியை அப்படிப் போடுவதே நம்மைத் தவறான பக்கம் இழுத்துச் செல்கிறது என்பது என் கருத்து. காக்பிட்டில் ஒலிக்கும் அந்த ஆணை, ஒரு விமானிக்கு ஓர் இயந்திரம் சொல்லும் அறிவுரை மட்டுமல்ல. இரண்டு விமானங்கள் தமக்குள் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையின் ஒரு பாதி அது. மறுபாதி எதிரே வரும் விமானத்தில், முகம் தெரியாத இன்னொரு விமானியின் காதில் அதே நேரத்தில் ஒலிக்கிறது. அவர் தன் பாதியை நிறைவேற்றுவார் என்று நம்பித்தான் இவருக்கான ஆணை தரப்பட்டிருக்கிறது. இவரை நம்பித்தான் அவருக்கும். ஆகவே ஆணையை மீறி எதிர்த்திசையில் போகும் விமானி தன் விமானத்தை மட்டும் ஆபத்தில் தள்ளவில்லை; விதிப்படி நடந்த மற்றவரின் பாதுகாப்பையும் பறித்துவிடுகிறார். ஊபர்லிங்கன் வானில் போயிங் விமானிகள் எல்லாவற்றையும் சரியாகவே செய்தார்கள். அவர்களும் இறந்தார்கள்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். உலகம் முழுவதும் விமானிகள் ‘டிகாஸ்’ என்று அழைக்கும் இந்தக் கருவி, சுற்றிலும் பறக்கும் விமானங்களின் டிரான்ஸ்பாண்டர்களை (கேட்டதும் தானாகப் பதில் அனுப்பும் கருவிகளை) ரேடியோ அலை வழியாக ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை கேள்வி கேட்கிறது. பதில் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. பதிலிலேயே அந்த விமானத்தின் உயரமும் இருக்கிறது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைவிட, நெருங்கி வர இன்னும் எத்தனை நொடி என்பதையே அது முக்கியமாகப் பார்க்கிறது. எதிரெதிரே மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு விமானங்களுக்கு இடையிலான தூரம் ஒவ்வொரு நொடியும் 470 மீட்டர் சுருங்கும் என்பதால், அங்கே கிலோமீட்டர் கணக்கு உதவாது. உயரத்தைப் பொறுத்துச் சுமார் 20 முதல் 48 நொடிகள் இருக்கும்போது முதல் எச்சரிக்கை வரும். அதை விமானிகள் ‘டி.ஏ.’ என்பார்கள். ஆபத்து விலகாவிட்டால், சுமார் 15 முதல் 35 நொடிகள் இருக்கும்போது ‘கிளைம்ப், கிளைம்ப்’ என்றோ ‘டிசென்ட், டிசென்ட்’ என்றோ ஆணை வரும். அது ‘ஆர்.ஏ.’. அந்தக் கணத்திலிருந்து ஐந்து நொடிக்குள் விமானி செயல்படத் தொடங்கிவிடுவார் என்று வைத்துத்தான் மென்பொருள் கணக்குப் போடுகிறது. ஆணையை மேலும் கடுமையாக்கினாலோ, தலைகீழாக மாற்றினாலோ அவருக்குக் கிடைப்பது இரண்டரை நொடி.

கருவி ஏன் இடப்பக்கம், வலப்பக்கம் திரும்பச் சொல்வதில்லை? தூரத்தையும் உயரத்தையும் நன்றாக அளக்கும் அதற்கு, எதிர் விமானம் இருக்கும் திசையை அதே துல்லியத்துடன் சொல்ல முடியாது. எனவே மேலே, கீழே என்ற இரண்டே வழிகள். எந்த வழி யாருக்கு என்பதை இரண்டு கருவிகளும் ரேடியோ வழியாகப் பேசி முடிவு செய்கின்றன. குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் வழிவிடுவதாக நினைத்து ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதுண்டு. இருவருமே நல்லெண்ணத்தோடுதான் ஒதுங்குகிறார்கள், ஆனால் முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை. வானத்தில் அந்தப் பேச்சை முடித்துத் தருவதே டிகாஸின் முழு மதிப்பு. ஒரு பக்கத்து விமானி ‘எனக்கு இதைவிட நன்றாகத் தெரியும்’ என்று நினைத்த மறுகணம் அந்த மதிப்பு சுழியமாகிவிடுகிறது. அவர் நினைத்தது பெரும்பாலான நேரங்களில் சரியாகவே இருந்தாலும்கூட.

இப்படிச் சொல்வதால் டுபொலேவ் விமானிகள்மீது பழி போடுகிறேன் என்று எண்ண வேண்டாம். அன்றைய உலகம் அவர்களுக்குத் தெளிவான விதியைக் கொடுத்திருக்கவில்லை. அவர்களுடைய விமானக் கையேடு, மோதலைத் தவிர்ப்பதில் தரைக் கட்டுப்பாட்டுக்கே முதலிடம் தந்து, டிகாஸைக் கூடுதல் துணையாகவே விவரித்தது. போயிங் விமானிகள் வேறு மரபில் பயின்றவர்கள். ஒரே வானத்தில் இரண்டு விதிகள் பறந்துகொண்டிருந்தன. ஸூரிக்கில் இருந்த கட்டுப்பாட்டாளரின் நிலைமை இன்னும் மோசம். உடன் இருந்தவர் ஓய்வுக்குப் போய்விட்டதால் அவர் ஒருவரே இரண்டு பணிமேசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலை நடந்ததால் ரேடார் முழுத் திறனில் இல்லை. மோதல் வாய்ப்பைத் திரையில் காட்டும் எச்சரிக்கை வசதி நிறுத்தப்பட்டிருந்தது. தொலைபேசி இணைப்புகளும் வேலை செய்யவில்லை. ஆபத்தைத் தம் திரையில் பார்த்துவிட்ட ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நிலையத்தினர் எவ்வளவோ முயன்றும் ஸூரிக்குக்குத் தகவல் சொல்ல முடியவில்லை. ‘கருவியின் ஆணைப்படி இறங்குகிறோம்’ என்று போயிங் விமானிகள் அறிவித்ததும் அவர் காதில் விழவில்லை. 2004 பிப்ரவரியில், இந்த விபத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவரால் அந்தக் கட்டுப்பாட்டாளர் தம் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்டார். அவரைத் தனியாக உட்காரவைத்த அமைப்பின் நிர்வாகிகள் நால்வரை ஸ்விட்சர்லாந்து நீதிமன்றம் 2007-இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. இந்த விபத்துக்கான முன்னறிவிப்பு பதினேழு மாதங்களுக்கு முன்பே வந்துவிட்டது. 2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்ஸு நகரை ஒட்டிய வானில் ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு விமானங்கள் நெருங்கின. ஹனேடாவிலிருந்து நாஹாவுக்குக் கிளம்பிய 907-ஆம் எண் போயிங் 747 ஒன்று; பூசானிலிருந்து நரிட்டாவுக்கு வந்த 958-ஆம் எண் டி.சி.-10 மற்றொன்று. பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளர் 958-ஐ இறக்க நினைத்து, எண்ணை மாற்றி 907-ஐ இறங்கச் சொல்லிவிட்டார். 907-க்குக் கருவி ‘ஏறு’ என்றது. 958-க்கு ‘இறங்கு’ என்றது. 907-இன் தலைமை விமானி தரையிலிருந்து வந்த ஆணையின்படி இறங்கினார். 958 கருவியின்படி இறங்கியது. ஊபர்லிங்கனில் நடந்த அதே கதை, ஒரு வரி மாறாமல். கடைசி நொடியில் 907-இன் தலைமை விமானி எதிர் விமானத்தைக் கண்ணால் கண்டு தன் விமானத்தைச் சட்டென்று கீழே அமுக்கியதால் மட்டுமே இரண்டு விமானங்களிலும் இருந்த 677 பேர் தப்பினார்கள். 907-இல் சுமார் நூறு பேருக்குக் காயம். இந்த நிகழ்வின் விசாரணை அறிக்கை வெளியானது 2002 ஜூலையில், ஊபர்லிங்கனுக்குப் பிறகு. இரண்டு ஆணைகள் முரண்பட்டால் கருவியின் ஆணையே மேலானது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் ஐயத்துக்கு இடமில்லாமல் திருத்தப்பட்டது 2003 நவம்பரில். யாய்ஸு நிகழ்வை விபத்துக்குச் சமமாக எடுத்துக்கொண்டு உலகம் உடனே விதியைத் திருத்தியிருந்தால், அந்தப் பிள்ளைகள் பார்சிலோனா போய்ச் சேர்ந்திருக்கக்கூடும்.

இந்த விதிக்கு எதிராக எழும் வாதங்கள் பொருட்படுத்தத் தக்கவை. தரைக் கட்டுப்பாட்டாளர் வானம் முழுவதையும் பார்க்கிறார்; டிகாஸ் தன் அக்கம்பக்கத்தை மட்டும் பார்க்கிறது; அப்படியிருக்க, முழுப் படத்தைப் பார்ப்பவரை ஏன் ஒதுக்க வேண்டும் என்பது முதல் வாதம். பத்து நிமிடம் கழித்து எந்த விமானம் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு அவரைவிடச் சிறந்தவர் இல்லைதான். ஆனால் இங்கே கேள்வி அடுத்த முப்பது நொடியைப் பற்றியது. நெடுந்தூர ரேடார் ஒரு சுற்று சுற்றி வர ஏறத்தாழ பத்து நொடி ஆகும். அதனால் திரையில் அவர் காணும் உயரம் சில நொடிகள் பழையது. விமானத்தில் என்ன ஆணை ஒலித்தது என்பதும் பெரும்பாலான இடங்களில் அவருக்குத் தானாகத் தெரிவதில்லை. விமானி வாய்திறந்து சொன்னால்தான் உண்டு. ஊபர்லிங்கனில் கட்டுப்பாட்டாளர் எதிர் விமானம் இருக்கும் பக்கத்தையே மாற்றிச் சொன்னார் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். அதனால்தான் இன்றைய நடைமுறை இப்படி இருக்கிறது: விமானி ‘டிகாஸ் ஆர்.ஏ.’ என்று அறிவித்ததும், கட்டுப்பாட்டாளர் ‘ராஜர்’ (கேட்டது) என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த விமானத்தின் பாதையில் கைவைக்காமல் ஒதுங்கிவிட வேண்டும். ஆபத்து விலகியது என்று விமானி தெரிவித்து, பழைய உயரத்துக்குத் திரும்பும் வரை இடைவெளியைக் காக்கும் பொறுப்பு அவருடையதல்ல.

கண்ணால் கண்டதை நம்பலாமே என்பார்கள் சிலர். இதற்கு 1965 டிசம்பர் 4 அன்று நியூயார்க் மாநிலத்தின் கார்மெல் வானில் நடந்ததைவிடச் சிறந்த பதில் கிடைக்காது. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் கான்ஸ்டலேஷன் 10,000 அடியிலும், டி.டபிள்யூ.ஏ.வின் போயிங் 707 அதற்கு மேலே 11,000 அடியிலும் பறந்தன. இடையே ஆயிரம் அடி இருந்தது. மேகங்களின் உச்சி சாய்வாக இருந்ததால், மற்ற விமானம் தம் உயரத்திலேயே வருவதாக ஈஸ்டர்ன் விமானிகளுக்குத் தோன்றியது. தப்பிப்பதற்காக மேலே இழுத்தார்கள். மேலே இருந்த விமானத்தோடு மோதினார்கள். நால்வர் இறந்தனர். மோதவே வாய்ப்பில்லாத இரண்டு விமானங்களைக் கண் மோதவைத்தது. இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராத புள்ளியாகவே நிற்கும். அசைவைத் தேடும் மனிதக் கண் அதைத் தவறவிட்டுவிடும். சன்னல் வழியே தெரியும் விமானம், கருவி எச்சரிக்கும் அதே விமானம்தான் என்பதற்கும் உறுதி இல்லை.

மூன்றாவது வாதம்தான் கனமானது. இயந்திரமும் பிழை செய்யுமே? 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் மாண்டது, மென்பொருள் ஒன்று ஒற்றை உணரியின் தவறான அளவை நம்பி விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளியதால்தான். அதைக் கண்ட தலைமுறையிடம் ‘கருவி சொன்னால் கேள்’ என்று எப்படிச் சொல்வது? இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதே என் பதில். மேக்ஸில் இருந்தது, தான் இருப்பதையே விமானிகளுக்குச் சொல்லாமல் கட்டுப்பாட்டைப் பிடுங்கிய ஏற்பாடு. டிகாஸ் பேசுகிறது, திரையில் காட்டுகிறது. பெரும்பாலான விமானங்களில் கட்டுப்பாடு விமானியின் கையிலேயே இருக்கிறது. அதன் எல்லைகளும் வெளிப்படையாக வகுக்கப்பட்டவை. தரை மோதல் எச்சரிக்கையோ, விமானம் தூக்குவிசை இழக்கப்போகும் எச்சரிக்கையோ ஒலித்தால் அவற்றுக்கே முதலிடம். ஆணையைப் பின்பற்றுவது விமானத்துக்கே கேடு என்று தெரிந்தால் பின்பற்றாமல் இருக்கவும் விமானிக்கு உரிமை உண்டு. விதி அறவே மறுப்பது ஒன்றைத்தான்: ஆணைக்கு நேர் எதிர்த்திசையில் போவதை. பின்பற்ற முடியாமல் போனால் உடன்படிக்கையின் பாதி மட்டுமே வீணாகிறது. எதிர்த்திசையில் போனால் மறுபாதியும் சேர்ந்து அழிகிறது.

கருவியால் முடியாதவற்றையும் மறைக்கத் தேவையில்லை. பதில் சொல்லாத விமானம் அதற்குத் தெரியாது. 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலின் அமேசான் காட்டுக்கு மேல் கோல் நிறுவனத்தின் போயிங் 737-உம் ஒரு சிறிய எம்ப்ரேயர் ஜெட்டும் 37,000 அடியில் மோதி 154 பேர் இறந்தார்கள். இரண்டிலும் டிகாஸ் இருந்தும், சிறிய ஜெட்டின் டிரான்ஸ்பாண்டர் வேலை செய்யாத நிலையில் இருந்ததால் எச்சரிக்கையே எழவில்லை. தரைக்கு மிக அருகில் ‘இறங்கு’ என்பது கொலை ஆணையாகிவிடும் என்பதால், சுமார் ஆயிரம் அடிக்குக் கீழே ஆர்.ஏ. வாய்மூடிவிடும். 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் தரையிறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட் ராணுவ ஹெலிகாப்டருடன் மோதி 67 பேர் இறந்தபோது, ஜெட்டின் காக்பிட்டில் ‘டிராஃபிக்’ எச்சரிக்கை ஒலித்தது. ஏறு, இறங்கு என்ற ஆணை வரும் உயரத்தில் அவர்கள் இல்லை. இவை கருவியை எங்கெல்லாம் நம்பியிருக்கக் கூடாது என்று காட்டுகின்றன. ஆணை வந்த பிறகு அதை மீறலாம் என்பதற்கு இவற்றில் எந்த ஆதாரமும் இல்லை.

அப்படியானால் விமானியே எதற்கு, கருவியே ஓட்டிவிடலாமே என்று கேட்கலாம். ஏர்பஸ் அந்தப் பாதையில் ஓரளவு போயிருக்கிறது. ஏ380 தொடங்கி அதன் விமானங்களில் ஆர்.ஏ. ஆணையை ஆட்டோபைலட்டே நிறைவேற்றும் வசதி வந்திருக்கிறது. நான் இதை வரவேற்கிறேன். ஆணை வந்ததும் மனிதர் தயங்குவதும், பதறிப்போய் தேவைக்கு மேல் இழுத்து அடுத்த அடுக்கில் பறக்கும் விமானத்துக்குச் சிக்கல் உண்டாக்குவதும் இதனால் குறையும். ஆனால் பழைய வகை விமானங்கள் இன்னும் பல ஆண்டுகள் பறக்கப்போகின்றன. அவற்றில் அந்த ஐந்து நொடி மனிதருடையதே. இயந்திரம் மனிதரிடமிருந்து கற்றுக்கொண்டதையும் இங்கே சொல்ல வேண்டும். டிகாஸ் மென்பொருளின் பழைய பதிப்பில் ‘செங்குத்து வேகத்தைச் சரிசெய்’ என்ற பொருளில் ஓர் ஆணை இருந்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். சில விமானிகள் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு கூட்டினார்கள். 7.1 என்ற பதிப்பில் அது ‘லெவல் ஆஃப்’ (உயரம் மாறாமல் பற) என்று மாறியது. ஒரு விமானம் ஆணையை மீறி, இரண்டும் ஒரே திசையில் போனால் மற்ற விமானத்துக்கான ஆணையைத் தலைகீழாக மாற்றும் ஏற்பாடும் அதே பதிப்பில் செம்மையானது. 2015 டிசம்பருக்குள் இப்பதிப்புக்கு மாற வேண்டும் என்று ஐரோப்பா விதித்தது.

இந்தியாவுக்கு இந்தக் கருவி வந்த வழி கொடுமையானது. 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே, டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதியா போயிங் 747-உம், டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தானின் இல்யூஷின்-76-உம் மோதி 349 பேர் இறந்தார்கள். வானில் நடந்த மோதல்களில் இன்றளவும் மிகப் பெரியது அது. கஜக் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியது. அதற்கும் கீழே இறங்கி, 14,000 அடியில் இருந்த சவூதியாவின் பாதைக்குள் வந்துவிட்டது. இரண்டிலும் டிகாஸ் இல்லை. டெல்லியின் ரேடாரோ விமானங்களின் உயரத்தைக் காட்டாத பழைய வகை. அதற்குப் பிறகுதான் இந்தியா இந்தக் கருவியைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவும் 1986-இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸில் 82 பேர் இறந்த பிறகே 1987-இல் அதற்கான சட்டம் இயற்றியது.

இன்று அந்தக் கட்டாயத்தின் பலனைக் கண்முன் பார்க்கிறோம். 2018 பிப்ரவரியில் மும்பை வான்பகுதியில் ஏர் இந்தியா, விஸ்தாரா விமானங்கள் செங்குத்தாகச் சுமார் 100 அடி இடைவெளி வரை நெருங்கின. அதே ஆண்டு ஜூலையில் கோயம்புத்தூரிலிருந்து ஹைதராபாத் போன இண்டிகோ விமானமும், பெங்களூரிலிருந்து கொச்சி போன இண்டிகோ விமானமும் பெங்களூர் வான்பகுதியில் சுமார் 200 அடி வரை நெருங்கின. இரண்டு நிகழ்வுகளிலும் டிகாஸ் ஒலித்தது, உயிரிழப்பு இல்லை. முதல் நிகழ்வில் ஆணையைப் பின்பற்றிய ஏர் இந்தியா விமானியை ஊடகங்கள் வீரராகக் கொண்டாடின. பாராட்டத் தக்கவர்தான். ஆனால் பாராட்டு எதற்காக என்பது தெளிவாக இருக்க வேண்டும். அவர் துணிச்சலான சாகசம் எதையும் செய்யவில்லை. பயிற்சியில் சொல்லித் தந்ததை, சொல்லித் தந்தபடி, உரிய நேரத்தில் செய்தார். நாயகரைத் தேடும் நம் செய்திகள் அந்தப் பயிற்சியை ஒருபோதும் எட்டிப் பார்ப்பதில்லை.

விமான நிறுவனங்களும், இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வும் செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. சிமுலேட்டரில் ‘இப்போது ஆர்.ஏ. வரும்’ என்று விமானிக்கு முன்பே தெரிந்த பயிற்சியால் பலன் குறைவு. எதிர்பாராத நேரத்தில் ஆணை வர வேண்டும். அதே கணத்தில் கட்டுப்பாட்டாளரின் குரல் எதிர்த்திசையில் போகச் சொல்லி இயர்போனில் அதட்ட வேண்டும். அந்த இரண்டு குரல்களுக்கு நடுவில் கை தானாகச் சரியான பக்கம் போகும் வரை பயிற்சி தொடர வேண்டும். கட்டுப்பாட்டாளர்களுக்கும் ‘ராஜர்’ சொல்லிவிட்டு மௌனமாக இருக்கும் பயிற்சி அதே அளவுக்குத் தேவை. பேசியே காப்பாற்றிப் பழகியவர்களுக்கு அது எளிதல்ல. ஒவ்வொரு ஆர்.ஏ.வும் அறிக்கையாக வர வேண்டும், விமானத் தரவுப் பதிவோடு ஒப்பிடப்பட வேண்டும், தயங்கிய விமானி அதை அஞ்சாமல் சொல்ல இடம் இருக்க வேண்டும். தண்டனைக்குப் பயந்து மறைக்கப்படும் ஒவ்வொரு தயக்கமும் இன்னொரு யாய்ஸு. அதை வாசிக்க ஆளில்லாவிட்டால் அடுத்து எது வரும் என்பதை 2002 காட்டிவிட்டது. இனி ‘நூலிழையில் தப்பிய விமானங்கள்’ என்று செய்தி வரும்போது, இரண்டு விமானங்களும் ஆணைப்படி பறந்தனவா, இல்லையென்றால் ஏன் என்ற கேள்வியை வாசகர்களான நீங்களும் கேளுங்கள். விசாரணை அறிக்கை வெளிவரும் வரை விடாமல் கேளுங்கள்.